மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை

அடுத்தவர் வீட்டு சோபாவின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம், விடாதீர்கள். சோபாக்காவிடம் கேட்டால் அவளே சொல்வாள். வெட்டிப் போட்ட நகம், பாதி தின்ற பிஸ்கட், காய்ந்த பல்லி, ஒரு தடவை யாரோ ஒரு பெரியவருடைய கீழ்வரிசைப் பல் செட். சோபாவுக்கு உறை மாற்றியே காலத்தை ஓட்டுகிறவள் அவள். "எனக்கு அருவருப்புங்கறதே செத்துப்போச்சு" என்று தெருவில் பெருமையடித்துக்கொள்வாள்.

செத்தெல்லாம் போகவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தது என்று அன்று காலையில் தெரிந்தது.

சாக்கை அவிழ்த்ததும் முகத்தில் அறைந்தது நாற்றம். எஞ்சின் எண்ணெய் கட்டைக்குள் ஊறி, மைதானத்துச் சேறும் புல்லும் அதோடு சேர்ந்து, ஒரு வாரமாக மூட்டைக்குள் புழுங்கிய நாற்றம். வால் பக்கத்துக்குள் எலி ஒன்று குடித்தனமே நடத்தியிருந்தது. போகும்போது வாடகை கொடுக்காமல், வேறு எதையெல்லாமோ விட்டுவிட்டுப் போயிருந்தது.

"உவ்வே! சை!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் சோபாக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விழுந்ததே, அதே சிவப்பு விமானம்தான். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் வீட்டுக்காரருக்குப் பொத்துக்கொண்டு வரும். ஒரு பக்க இறக்கையே கட்டில் நீளம் இருக்கும். தரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுவது. உள்ளே ஆள் ஏற முடியாது, அவ்வளவுதான் குறை. அதற்கு எலும்புக்கூடு கட்டியது அவளுடைய தம்பி. ஆளும் ஒல்லி, செய்கிற வேலையும் குச்சியோடு என்பதால் அவனுக்குச் சுள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. எலும்புக்கு மேல் தோல் போர்த்தியது சோபாக்கா. ஓட்டுகிற உரிமை மட்டும் வீட்டுக்காரருக்கு. கிளப்பில் அவரைக் கேப்டன் என்பார்கள். நிஜ விமானத்தில் ஏறினால் கேப்டனுக்கு வாந்தி வரும் என்பது வீட்டோடு இருக்கிற விஷயம்.

அன்றைக்கு நடுவானத்தில் வலது இறக்கை மடங்கிக்கொண்டது. விமானம் சுற்றிச் சுற்றி வந்து, மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர்மேல் விழுந்தது. தலைக்கு வந்தது தோளோடு போயிற்று. புல்லுக்காரர் இப்போது தோளெலும்பு முறிந்து கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கிறார். அவரைத் தூக்கி உட்கார வைக்கக்கூட இல்லை, அதற்குள் கேப்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மச்சான் ஒட்டுன ஒட்டு விட்டுடுச்சு."

சுள்ளி மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல இருக்கிறான். இன்றைக்குச் சாயங்காலம் கிளப் செயலாளர் இவர்கள் வீட்டுக்கு விசாரிக்க வருகிறார். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இனிமேல் எந்த விமானத்திலும் சுள்ளி கை வைக்க முடியாது. அவனோ அந்த வார்த்தைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மாடி அறையில் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

தாயில்லாத பிள்ளை. தன் கையால் சோறு ஊட்டி வளர்த்த தம்பி. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு வீட்டை விட்டே போகப் போகிறான்.

"என்ன, மூட்டையைப் பிரிச்சாச்சா?"

கேப்டன் பல் துலக்கிக்கொண்டே பட்டறைக்குள் வந்தார். வாய் நிறைய நுரை. பேசும்போது ஒரு துளி வந்து அவள் கையில் விழுந்தது.

"கர்மம்! துப்பிட்டு வந்து பேசுங்களேன்."

அவர் துப்பவில்லை. பிரஷ்ஷைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இடது இறக்கைக்கு மட்டும் புதுசா போர்த்திடு. செயலாளர் வர்றப்போ பளபளன்னு இருக்கணும். வலதைத் தொடாதே. அது தூளாப் போச்சு, நாறுது. குப்பை வண்டி வந்தா தூக்கிப் போட்டுடு" என்றார்.

"நீங்களே போடுங்களேன்."

"எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

அவருக்கும் அந்தப் பேஸ்ட்டுக்கும் இருக்கிற உறவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் பேஸ்ட் பல்லுக்கு மட்டும் வாங்குவதில்லை. வாடகை வீடு காலி செய்யும்போதெல்லாம் சுவரில் இருக்கிற ஆணி ஓட்டைகளைக் கேப்டன் பேஸ்ட் வைத்துத்தான் அடைப்பார். கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, முடிந்தது. வீட்டுச் சொந்தக்காரர் சுவரைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லையே, சுத்தமா வச்சிருந்தீங்களே" என்று மெச்சிக்கொள்வார். குளியலறை ஓட்டில் விரிசலா, பேஸ்ட். பீரோவில் கீறலா, பேஸ்ட். உறவுக்காரர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சோபாக்காவும் சிரித்திருக்கிறாள், சிரிக்காமல் என்ன!

கேப்டன் போன கொஞ்ச நேரத்தில் சுள்ளி மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"புல்லுக்காரர் வீட்டுக்கு. சட்டை மாத்தி விடணும்க்கா. அவரால கையைத் தூக்க முடியலை."

தினமும் போகிறான். தலை வாரி விடுகிறான், சட்டை போட்டு விடுகிறான், சோறு பிசைந்து கொடுக்கிறான். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தம்பிக்கு என்ன மனசு பாத்தீங்களா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள் அவள். பழி சுமத்தினவர் ஆபீசுக்குப் போகிறார், பழி சுமந்தவன் பணிவிடை செய்யப் போகிறான்.

"டேய், உன் ஒட்டு விடாது. எனக்குத் தெரியும். ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லேன்டா."

"விடுக்கா."

"என்னத்தை விட? ஊமைக் கோட்டான் மாதிரி நின்னா யாருக்குத் தெரியும்?"

சுள்ளியின் பார்வை தரையில் கிடந்த வலது இறக்கைக்குப் போனது. "அதைப் பிரிக்கப் போறியாக்கா?"

"உங்க மாமா குப்பையில போடச் சொன்னார்."

"அப்போ போட்டுடு."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பாவம், தன் கையால் கட்டியதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு ஆண்களுமே ஒன்றை மறந்துவிட்டார்கள். உறை தைக்கிறவள் பழைய உறையைத் தூக்கி எறியவே மாட்டாள். பழைய உறைதான் புது உறைக்கு அளவு. ஒரு நூல் பிசகாமல் பிரித்து, புதுத் துணிமேல் விரித்து, அதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். வலது இறக்கையில் வெள்ளையில் ஒரு சூரியக் கதிர் வரைந்து வெட்டி ஒட்டியிருந்தாள். இடதில் அது கிடையாது. புது இறக்கைக்கு அதே கதிர் வேண்டுமென்றால், பழையதை உரித்தால்தான் அளவு கிடைக்கும். நாறினால் நாறட்டும்!

விமானத்துக்குப் போர்த்துவது துணி இல்லை. வழவழவென்ற பிளாஸ்டிக் தாள், பின்பக்கம் பசை பூசியிருக்கும். சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஒட்ட வேண்டும். சூடு காட்டக் காட்டத் தாள் சுருங்கி விறைத்துக்கொள்ளும். தாளில் கீறல் விழாமல் இருக்கப் பெட்டிக்குப் பழைய காலுறை ஒன்றை மாட்டியிருப்பாள். கேப்டனுடையதுதான். சூடு ஏறியதும் அதுவும் தன் பங்குக்கு ஒரு வாடையைக் கிளப்பும்.

பெட்டியைச் சுடவைத்து, ஓரமாக வைத்து இளக்கி, உரிக்க ஆரம்பித்தாள். உள்ளே கட்டை உடைந்து கிடந்தாலும் தாள் கிழியாமல் பை மாதிரி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. சேற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் வழிந்தது. கரப்பான் ஒன்று ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள்.

இறக்கையின் நடுவில் வந்ததும் கை நின்றது. தாள்மேல் தாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டுத் துண்டு. அதே சிவப்பு, அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தால்தான் தெரியும். இவள் வைத்ததில்லை. இவள் போர்த்திய இறக்கையில் ஒட்டுப் போடுகிற அளவுக்கு எப்போது என்ன ஆயிற்று? துண்டை இளக்கி எடுத்தாள். மூலை முடுக்கெல்லாம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்து, கடைசியில் முழுசாக வந்தது. அதைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்த மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தச்சர்கள் பூசுகிற மக்காக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மக்கு இப்படி உதிராதே! விரலை நனைத்துத் தேய்த்தாள்.

நுரை வந்தது.

காலையில் கையில் தெறித்த அதே நுரை. அதே புதினா வாசனை. எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே அந்த வாசனை வந்தபோது சோபாக்காவுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, வெள்ளையை முழுக்கச் சுரண்டாமல், ஓரத்தை மட்டும் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

இறக்கைக்கு முதுகெலும்பு மாதிரி நீளத்துக்கும் ஒரு சட்டம் ஓடும். அது அந்த இடத்தில் முறிந்திருந்தது. விழுந்ததில் முறிந்த புது முறிவு இல்லை. முறிவுக்குக் குறுக்கே ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைப் பசை போட்டுக் கட்டியிருந்தது. குச்சியைக் கழுவக்கூட இல்லை. பாதிக் குச்சி இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்தது. இனிப்புக்கு வந்த எறும்புகள் பசையில் வரிசையாக ஒட்டிச் செத்துக் கிடந்தன.

சப்பிப் போட்ட குச்சி. அதை நம்பித்தான் விமானம் ஆள் தலைக்கு மேலே பறந்திருக்கிறது!

"தூ!" என்றாள் சத்தமாக. பட்டறையில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

பிற்பகலே ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு கேப்டன் வந்துவிட்டார். செயலாளர் வருகிறாரே, முகச் சவரம் பண்ண வேண்டாமா? பட்டறைக்குள் நுழைந்தவர் மேசைமேல் வலது இறக்கையைப் பார்த்தார். உரித்த கோழிபோல அது கிடந்தது.

"தொடாதேன்னு சொன்னேனே!"

"இது என்னங்க?"

"எது?"

"நடிக்காதீங்க. நக்கிப் பாத்து சொல்லட்டுமா என்ன பிராண்டுன்னு?"

கேப்டன் கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார். "முன்னாடி ஒரு தடவை இறக்கும்போது லேசா தரையில தட்டிடுச்சு. சின்ன விரிசல்தான். நல்லா காயவச்சுத்தான் ஓட்டினேன்."

"பேஸ்ட்டை?"

"பல்லை உறுதியாக்கும்னு அவன்தானே டியூப்ல போட்டிருக்கான்!"

சிரிப்பாள் என்று பார்த்தாரா, சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தாரா தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரு மனுஷன் தோள் போச்சு. என் தம்பி வீட்டை விட்டுப் போறான். உங்களுக்கு எப்படிங்க சோறு இறங்குது?"

"இங்க பாரு. கிளப்பே என்னைக் கேப்டன்னு கூப்பிடுது. இது வெளிய வந்தா நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா? அவன் சின்னவன். நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. புருஷன் மானம் போனா உனக்கும் சேர்த்துதான்." அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தார். "மேல ஒரு தாளை ஒட்டிடு. உன் கைக்கு இதெல்லாம் என்ன பிரமாதம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறோம். மறைக்கிறவர் பூசணிக்காயையும் நம்மிடமே கொடுத்து, சோற்றையும் நம்மையே வடிக்கச் சொன்னால்? தோள்மேல் இருந்த கையைப் பார்த்தாள். பூரான் ஏறியதுபோலக் கூசியது. நகர்ந்துகொண்டாள்.

"ஒட்டிடவா?"

"ஒட்டிடு."

"சரி. ஒட்டிடறேன்."

கேப்டன் நிம்மதியாகச் சவரம் செய்யப் போனார். அவள் அலமாரியைத் திறந்தாள். சிவப்புச் சுருளைத் தொடவில்லை. விமானத்தின் முன்கண்ணாடிக்காக வாங்கி வைத்திருந்த நிறமில்லாத தாளை எடுத்தாள். கண்ணாடி போல இருக்கும் தாள். ஓரங்களை ஒட்டினாள். சூடு காட்டினாள். சுருக்கம் எல்லாம் போய் விறைத்துக்கொண்டது. ஆயுசில் அவள் அத்தனை சுத்தமாக ஒட்டியதில்லை. பேஸ்ட், குச்சி, எறும்பு எல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோலத் தெரிந்தன. இறக்கையைத் தூக்கிக்கொண்டு போய், முன்கூடத்தில் விருந்தாளிகள் உட்காருகிற சோபாவின் மேல் மல்லாத்தி வைத்தாள்.

செயலாளர் வந்தார். கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காருகிற ஜாதி மனிதர். கேப்டன் புது சட்டையில், சவர சோப்பு மணக்க, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க, வாங்க. பையன் தப்புப் பண்ணிட்டான், என்ன செய்யறது? சின்ன வயசு. எதுவா இருந்தாலும் நீங்க பாத்து..."

செயலாளர் உட்கார சோபாவைத் தேடினார். குனிந்தவர் நிமிரவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உள்ள வெள்ளையா என்ன இது?"

"பேஸ்ட்" என்றாள் சோபாக்கா. "பல் தேய்க்கிறது. கட்டியிருக்கிறது ஐஸ்கிரீம் குச்சி. ரெண்டும் எங்க வீட்டுக்காரர் கைவரிசை. என் தம்பி ஒட்டு எங்கயும் விடலை."

செயலாளர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். கேப்டனுடைய முகம் அந்தப் பேஸ்ட்டைவிட வெளுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, தோளில் பையோடு சுள்ளி மாடிப்படியில் இறங்கி வந்தான்.

"பையைக் கீழ வைடா!" என்று கத்தினாள் அவள். குரல் உடைந்தது. சந்தோஷமா, ஆத்திரமா, அவளுக்கே தெரியவில்லை. "எங்கயும் போக வேணாம். தப்பு உன்மேல இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு!"

சுள்ளி பையைக் கீழே வைத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சோபாமேல் கிடந்த இறக்கையைப் பார்த்தான்.

"நல்லாயிருக்கு நியாயம்!" கேப்டனுக்கு இப்போதுதான் நாக்கு வந்தது. "பேஸ்ட் வச்சது நான்தான், ஒத்துக்கறேன். குச்சியும் நான்தான். மேல சிவப்புத் தாளை ஒட்டினது யாரு? அதைக் கேளு! என் சட்டைக் காலரைத் தேய்க்கப் போயி ஓட்டை போட்டவன்தானே நான்? எனக்கு இஸ்திரி பிடிக்கத் தெரியுமா?"

தெரியாது. அது வீட்டுக்கே தெரியும்.

மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள். காலையில் உரித்த துண்டு அங்கேதான் இருந்தது. வெளியே எடுத்தாள். நாலு மூலையும் உருண்டையாக வெட்டியிருந்தது. 'கூர் மூலைதான் முதல்ல கிளம்பும், உருட்டி வெட்டு' என்று அவள் சொல்லிக் கொடுத்தது. அவள் அதைச் சொல்லிக் கொடுத்தது இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான். காலையில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கோபத்தில் படவில்லை.

"இதை ஒட்டினது நீயாடா?"

"ஆமாக்கா."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாமதானே ஒட்டினே? மாமா ஒட்டச் சொன்னார், நீ ஒட்டினே. அவ்வளவுதானே?"

தலையை ஆட்டு என்று கெஞ்சியது அவள் கண். ஆட்டினால் போதும், நம்பிவிடுவாள். சுள்ளி ஆட்டவில்லை. இஸ்திரிப் பெட்டி பிடித்தவளுக்குச் சூட்டைப் பற்றித் தெரியாதா? அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சூடு பட்டப்போ பேஸ்ட் வாசனை வந்துச்சா?"

சுள்ளி இறக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்துச்சுக்கா."

தலை வாரி விட்டது, சட்டை போட்டு விட்டது, சோறு பிசைந்து கொடுத்தது எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து நின்றன. என் தம்பிக்கு என்ன மனசு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளே! காலையில் வாசலுக்கு ஓடினாளே, அதைவிட மோசமாக இப்போது குமட்டியது. ஆனால் இது வாயைக் கொப்பளித்தால் போகிற குமட்டலாக இல்லை.

"ஏன்டா?"

சுள்ளி நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தான். கேப்டன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சோபாக்கா போய்க் கீழே கிடந்த பையைத் தூக்கினாள். அவன் தோளில் மாட்டி, வாரை நேராக்கி விட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி.

"புல்லுக்காரர் வீட்டுக்குப் போ. இப்போ சொன்னியே, அதை அவர்கிட்டயும் சொல்லு" என்றாள். "சட்டையை மாட்டி விடறதுக்கு முன்னாடி சொல்லு."